வராத 17,968 பேர்

உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு பெண். வயது முப்பத்தெட்டு. ஒட்டன்சத்திரத்திலிருந்து மினி பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் உங்கள் ஊர். காலையில் தக்காளி பறிக்கப் போகவேண்டும். போனால்தான் கூலி. அந்த நேரம் பார்த்து ஒரு நர்ஸ் வாசலில் வந்து நிற்கிறார்.

“அக்கா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல கேம்ப் இருக்கு. கர்ப்பப்பை வாயில ஒரு சின்ன டெஸ்ட்டு. வந்துருங்கக்கா.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே நர்ஸம்மா.”

“ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தாங்க்கா இந்த டெஸ்ட்டு.”

என்ன செய்வீர்கள்? நானாக இருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தக்காளி பறிக்கப் போயிருப்பேன். நோவு வந்தால்தான் ஆஸ்பத்திரி என்பது நம் ஊர் சாஸ்திரம். காய்ச்சல்காரனைக் கசப்பு மருந்து குடிக்க வைத்துவிடலாம். நன்றாக இருப்பவனைக் குடிக்க வைப்பது எப்படி?

இந்த உரையாடல் என் கற்பனைதான். ஆனால் இதுபோல ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை ஆயிரக்கணக்கான வாசல்களில் நடந்திருக்கவேண்டும். ஏனென்றால், அந்த நான்கு வருடங்களில் அங்கே 31,343 பெண்கள், உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சோதனைக்கு வந்து படுத்திருக்கிறார்கள். உலகத்து டாக்டர்கள் எல்லாம் பார்க்கும் ‘லான்செட்’ பத்திரிகையில் 2007-ல் அது கட்டுரையாக வந்தது. நம் மாவட்டத்துக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பூட்டு தெரியும், பிரியாணி தெரியும், நிலக்கோட்டைப் பூ தெரியும், சின்னாளபட்டிச் சேலை தெரியும். இது தெரியாது.

இந்த வாரம் அந்தக் கட்டுரையை ஒரு புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுவதுபோல எழுதிப் பார்க்கலாமா? விஞ்ஞானக் கட்டுரைக்கு விமர்சனமா என்று கேட்காதீர்கள். அதிலும் கதை இருக்கிறது, பாத்திரங்கள் இருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், பாத்திரங்களுக்குப் பெயர் கிடையாது. எண்கள்தான்.

முதலில் கதைச் சுருக்கம். கருப்பை வாயில் வரும் புற்றுநோய் ஒரே நாளில் வருவதில்லை. பல வருடம் முன்பே அந்த இடத்தில் தோலின் குணம் மாற ஆரம்பிக்கிறது. அப்போதே பிடித்துவிட்டால் குளிரூட்டி உறைய வைத்து அழித்துவிடலாம். பணக்கார நாடுகளில் இதைக் கண்டுபிடிக்க ‘பாப்’ சோதனை வைத்திருக்கிறார்கள். அதற்கு லேப் வேண்டும், மைக்ராஸ்கோப் வேண்டும், பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும், ரிசல்ட் வந்ததும் அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டு அனுப்ப வேண்டும். நம்மிடம் இதில் பாதி கிடையாது. அதனால் ஒரு ஏழை வைத்தியம் யோசித்தார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது சமையலறை வினிகர் மாதிரி ஒன்றை, பஞ்சில் நனைத்து ஒற்றி எடுத்து, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. கோளாறு உள்ள இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸே பார்க்கலாம். லேப் வேண்டாம்.

சரி, இது உயிரைக் காப்பாற்றுமா? அதைத்தான் திண்டுக்கல்லில் பார்த்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கையில் இருக்கும் கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய நல மையம், பிரான்சின் லியோன் நகரில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் மூன்றும் இதில் உண்டு. பணம், கேட்ஸ் ஃபவுண்டேஷன் வழியாக. முதல் பெயராக நிற்பவர் ரெங்கசாமி சங்கரநாராயணன். ஊர்களை 114 தொகுதிகளாக்கிக் குலுக்கிப் போட்டார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு ஒரே ஒரு முறை வினிகர் சோதனை. மீதி 57-ல் சோதனை கிடையாது. 2006 வரை இரண்டு பக்கமும் யாருக்குப் புற்றுநோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள்.

முடிவு: சோதனைக்கு அழைத்த ஊர்களில் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு. அதனால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு. ஒரு தடவை வினிகர் ஒற்றி எடுத்ததற்கு இவ்வளவு பலன். கைதட்டவேண்டிய விஷயம்தான். தட்டிவிட்டோம். இனி விமர்சனம்.

எல்லோரும் இந்தக் கட்டுரையில் 35 சதவீதத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். நான் மாட்டிக்கொண்டது வேறு ஓர் எண்ணில். சோதனைக்குத் தகுதியானவர்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர், 63.6 சதவீதம். கழித்துப் பாருங்கள். வராதவர்கள் 17,968 பேர். இவர்கள் யார்?

இவர்கள் கதையில் இல்லை என்று நினைக்காதீர்கள், இருக்கிறார்கள். இந்த மாதிரி ஆராய்ச்சியில் ஒரு நேர்மையான விதி உண்டு. அழைத்த ஊரில் இருந்தும் வராமல் போனவர்களைக் கணக்கிலிருந்து தள்ளக்கூடாது. அவர்களில் ஒருத்திக்குப் புற்றுநோய் வந்தால் அதுவும் ‘சோதனை செய்த பக்கம்’ என்றே எழுதப்படும். ஆக அந்த 35 சதவீதம் வினிகரின் சக்தியை மட்டும் சொல்லும் எண் இல்லை. வாசலில் நின்று கூப்பிட்ட நர்ஸின் சக்தியும் அதில் சேர்ந்திருக்கிறது. நூற்றுக்கு அறுபத்துநாலு பேர் வந்ததால் இவ்வளவு. நாற்பது பேர் வந்திருந்தால் வினிகர் அதே வினிகராக இருந்தும் பலன் தேய்ந்திருக்கும். எண்பது பேர் வந்திருந்தால் இன்னும் சில பெண்கள் பிழைத்திருப்பார்கள்.

அடுத்த இரண்டு எண்களையும் பாருங்கள். சோதனையில் சந்தேகம் என்று வந்தவர்கள் 3,088 பேர். அவர்களைக் கருவி வைத்து இன்னும் நெருக்கமாகப் பார்க்கவேண்டும். பார்த்தது 3,052 பேரை. தப்பிப் போனது வெறும் 36 பேர்! காரணம் எளிது. வந்த இடத்திலேயே, வந்த அன்றைக்கே பார்த்துவிட்டார்கள். அதன் பிறகு, புற்றுநோயாக மாறக்கூடிய கோளாறு இருப்பதாகக் கண்டுபிடித்தது 1,874 பேருக்கு. சிகிச்சை எடுத்துக்கொண்டது அதில் 72 சதவீதம். அதாவது, ‘உனக்கு இருக்கிறது’ என்று தெரிந்த பிறகும் ஐந்நூறு பேருக்கு மேல் சிகிச்சை இல்லாமல் போனார்கள்.

முதல் படியில் 36 பேர். அடுத்த படியில் ஐந்நூறுக்கும் மேல். ஏன் என்று யோசித்தால் பதில் மருத்துவத்தில் இல்லை, நம் வீடுகளில் இருக்கிறது. “வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்.” “மாமியாருக்கு முடியலை, அடுத்த வாரம் பாப்போம்.” “அறுப்பு முடியட்டும்.” “கோயில் சாட்டியிருக்கு, இப்ப வேண்டாம்.” நாள் தள்ளிப் போகப் போக, ஊர் தள்ளிப் போகப் போக ஆள் குறையும். பஸ் மாறவேண்டும் என்றால் இன்னும் குறையும். இந்த ஒரு பாடத்துக்காகவே அந்தக் கட்டுரையைப் பிரேம் போட்டு எல்லா ஹெல்த் ஆபீஸிலும் மாட்டலாம்.

ஆராய்ச்சியாளர்கள் இதற்கு இரண்டு வார்த்தை வைத்திருக்கிறார்கள். ‘ரெக்ரூட்மென்ட்’, ‘ரிடென்ஷன்’. ஆள்சேர்ப்பு, தக்கவைத்தல். எனக்கு இந்த வார்த்தைகள் பிடிக்கவில்லை. திண்டுக்கல் பக்கம் ஆள் சேர்க்க வந்தவர்கள் எத்தனையோ பேர். நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளை அழைத்துப்போக ஏஜென்ட் வந்திருக்கிறான். மூன்று வருடம் வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி ‘சுமங்கலித் திட்டம்’ என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். மீட்டிங்குக்கு லாரியில் ஏற்றிப்போக ஆள் வந்திருக்கிறான். எமர்ஜென்சி காலத்தில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். ‘கேம்ப்’ என்றாலே வயதான பெண்களுக்கு வேறு ஞாபகம் வரும். இவ்வளவு பேர் வந்து போன வாசலில்தான் நர்ஸும் போய் நிற்கிறார். அவரைச் சந்தேகமாகப் பார்த்தால் அது அறியாமை இல்லை. அனுபவம்.

அந்தச் சந்தேகத்தைத் தாண்டி 31,343 பேர் வந்தார்கள் என்றால், அதற்குப் பின்னால் எவ்வளவு நடை, எவ்வளவு பேச்சு இருந்திருக்கவேண்டும்! வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதவேண்டும். வயது கேட்டால், “எங்க ஊர்ல பெரிய மழை பெஞ்சப்ப நான் கைக்கொழந்தை” என்பார்கள். கணக்குப் போட்டு எழுதவேண்டும். ஒரே தெருவில் மூன்று மாரியம்மாள் இருப்பார்கள். திரை மறைவு சரியாக இருக்கவேண்டும். பார்ப்பது பெண்ணாக இருக்கவேண்டும். மறுநாளும் அதே நர்ஸ் வரவேண்டும், ஆள் மாறினால் பேச்சை முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். விஞ்ஞானக் கட்டுரையில் இதற்கெல்லாம் ‘பெண்கள் அழைக்கப்பட்டனர்’ என்கிற மாதிரி ஒரு வரியில் இடம் கிடைக்கும். ஹீரோயினுக்கு ஒரு வரி, புள்ளிவிவரத்துக்கு ஐந்து பக்கம். விமர்சகனாக என் முதல் புகார் இது.

இரண்டாவது கதை இன்னும் சுவாரசியம். அதே அம்பிளிக்கை.

2009 செப்டம்பரில், கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசியை வைத்து நாட்டில் ஒன்பது இடங்களில் ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பமானது. அதில் அம்பிளிக்கையும் ஒன்று. 10 முதல் 18 வயது வரையிலான, கல்யாணமாகாத பெண் பிள்ளைகள். மூன்று ஊசி போடுவதா, இரண்டு போதுமா என்பதுதான் கேள்வி. 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம்.

பாதியில் இடி விழுந்தது. அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் வேறொரு அமைப்பு ஹெச்.பி.வி. தடுப்பூசிகளை வைத்து நடத்திய வேறொரு திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்துபோனார்கள். அந்தச் சாவுகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு சொன்னது. ஆனால் இன்னொன்று வெளியே வந்தது. பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய சம்மதப் படிவத்தில் பல இடங்களில் ஹாஸ்டல் வார்டன் கையெழுத்துப் போட்டிருந்தார்! பாராளுமன்ற நிலைக்குழு 2013-ல் இதைக் கடுமையாகக் கண்டித்தது. வார்டன் பேனாவை எடுத்தால் ஒரே மத்தியானத்தில் ஆள்சேர்ப்பு முடிந்துவிடும். வீடு வீடாகப் போக மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களை மிச்சம் பிடித்ததற்கு நாடு கொடுத்த விலை என்ன தெரியுமா? 2010 ஏப்ரலில் அம்பிளிக்கை உட்பட எல்லா இடத்திலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குள் 17,729 பேருக்குக் குறைந்தது ஓர் ஊசியாவது போட்டாகிவிட்டது. அதில் 4,950 பேருக்கு ஒன்றே ஒன்றுதான். அடுத்த ஊசிக்கு நாள் வருவதற்குள் தடை வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் கடையைக் கட்டியிருப்பார்கள். இவர்கள் கட்டவில்லை. ஊசி போடத்தானே தடை? பின்தொடர்ந்து பார்க்கத் தடையில்லையே! சரி, ஓர் ஊசிக்காரிகள், இரண்டு ஊசிக்காரிகள், மூன்று ஊசிக்காரிகள் எல்லோரையும் தொடர்ந்து பார்ப்போம் என்று கிளம்பினார்கள்.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது. தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பார்க்கக் கருப்பை வாயிலிருந்து மாதிரி எடுக்கவேண்டும். கல்யாணமாகாத பெண்ணிடம் அதை எடுக்க முடியாது. அதனால் கல்யாணமாகிப் பதினெட்டு மாதம், அல்லது முதல் குழந்தை பிறந்து ஆறு மாதம், எது முன்னதோ அப்போது எடுப்பது என்று வைத்தார்கள். நியாயம்தான். ஆனால் கல்யாணமானால் நம் பெண் எங்கே இருப்பாள்?

அம்மா வீட்டில் இருக்கமாட்டாள். தாராபுரத்தில் இருப்பாள், திருப்பூர் பனியன் கம்பெனிக் காலனியில் இருப்பாள், பெங்களூரில் இருப்பாள். பெயருக்கு முன்னால் இருந்த அப்பா இனிஷியல் போய்ப் புருஷன் இனிஷியல் வந்திருக்கும். ரேஷன் கார்டு மாறியிருக்கும். போன் நம்பர் மூன்று தடவை மாறியிருக்கும். புருஷனுக்கு இந்த ஊசிக் கதையே தெரியாது. “பதிமூணு வயசுல எனக்கு ஒரு ஊசி போட்டாங்க, அதுக்கு இப்ப ஒரு டெஸ்ட்டு” என்று புது மாமியாரிடம் அவள் எப்படிச் சொல்வாள்? “என்ன ஊசி? எதுக்கு ஊசி? கல்யாணத்துக்கு முன்னாடி எங்ககிட்ட ஏன் சொல்லலை?” என்று பஞ்சாயத்து வராதா?

அமெரிக்காவில் எழுதிய ஆராய்ச்சிக் கையேட்டில் இதற்கெல்லாம் அத்தியாயம் இருக்காது. ‘முகவரி மாற்றத்தைப் பதிவு செய்யவும்’ என்று இருக்கும். இங்கே முகவரி மாற்றம் என்பது ஒரு பெண்ணின் வாழ்க்கை மாற்றம். அவளை மறுபடி கண்டுபிடிக்க ஒரே வழி, அவளுடைய அம்மாவிடம் நல்ல பெயர் எடுத்து வைத்திருப்பதுதான். அம்மா சொன்னால்தான் அட்ரஸ். அம்மா போன் பண்ணிச் சொன்னால்தான் அவள் வருவாள். தக்கவைத்தல் என்கிறார்களே, அது இதுதான்.

பலன் 2021-ல் ‘லான்செட் ஆன்காலஜி’யில் வந்தது. நடுவாக ஒன்பது வருடம் பின்தொடர்ந்த பிறகு, முக்கியமான இரண்டு வகை வைரஸின் நீடித்த தொற்றை ஓர் ஊசி 95.4 சதவீதம் தடுத்திருந்தது. இரண்டு ஊசி 93.1, மூன்று ஊசி 93.3. கிட்டத்தட்ட எல்லாம் ஒன்றுதான்! ஓர் ஊசிக் கணக்குக்கு 2,135 பெண்களின் மாதிரி கிடைத்திருந்தது. இது குலுக்கிப் போட்டுப் பிரித்த பிரிவு இல்லை, விபத்தில் பிரிந்தது. எனவே இதை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. கென்யாவில் முறையாகக் குலுக்கி நடத்திய ஆராய்ச்சியும் இதே பக்கம் சாய்ந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ‘ஓர் ஊசியும் போதும்’ என்று சொன்னது. ஏழை நாடுகளுக்கு இதன் அர்த்தம், அதே பணத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகள். புகுந்த வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து மாதிரி கொடுத்த பெண்களின் பங்கு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

இப்போது என் இரண்டாவது புகார். இது கொஞ்சம் கசப்பானது.

முதல் கதையில் மீதி 57 தொகுதிகள் இருந்தனவே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே 30,958 பெண்கள். அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்குக் கட்டுரை சொல்லும் வார்த்தை ‘வழக்கமான கவனிப்பு’. படிக்கும்போது கௌரவமாக இருக்கிறது. நம் கிராமத்தில் அன்றைக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வழக்கமான கவனிப்பு என்ன? ரத்தம் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது. அவ்வளவுதான். அந்தப் பக்கம் 92 பேர் இந்த நோயில் இறந்தார்கள். அழைத்த பக்கம் 83 பேர். பெரிய வித்தியாசமில்லையே என்று நினைக்காதீர்கள். அழைத்த பக்கம் ஆட்கள் ரொம்ப அதிகம். லட்சம் பேரை ஒரு வருடம் பார்த்தால் என்று கணக்குப் போட்டால் ஒரு பக்கம் 30 சாவு, இன்னொரு பக்கம் 51. வயது போன்ற வித்தியாசங்களைச் சரிக்கட்டிய பிறகு கிடைப்பதுதான் அந்த 35 சதவீதம்.

மும்பையிலும் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்திலும் இதே மாதிரி ஆராய்ச்சிகள் நடந்தன. எரிக் சுபா என்ற அமெரிக்க டாக்டர் மூன்றையும் கூட்டிப் பார்த்தார். சோதனை செய்யாமல் வைத்திருந்த பெண்கள் 1,38,624 பேர், அதில் இறந்தவர்கள் 254 பேர். “முன்கூட்டிச் சோதித்தால் உயிர் பிழைக்கும் என்பது தெரிந்த விஷயம்தானே? அப்புறம் எதற்கு ஒரு கூட்டத்தைச் சும்மா விட்டுவைத்து எண்ணிக்கொண்டிருந்தீர்கள்?” என்பது அவர் கேள்வியின் சாரம். 2014-ல் இந்திய மருத்துவ அறவியல் இதழிலேயே எழுதினார். ஆராய்ச்சி செய்தவர்களின் பதிலும் காதில் போட்டுக்கொள்ளவேண்டியதுதான்: “எந்தச் சோதனையும் எந்த ஊரிலும் நடக்காத நாடு இது. நாங்கள் யாரிடமிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. எங்கள் கிராமத்தில், எங்கள் நர்ஸ் கையில், இந்த மலிவு முறை உயிரைக் காக்குமா என்று காட்டாமல் எந்த சர்க்கார் இதை எடுத்துக்கொள்ளும்?”

இரண்டிலும் உண்மை இருக்கிறது. அன்றைய நிலையில் ஓர் ஒப்பீட்டுப் பக்கம் இல்லாமல் 35 சதவீதம் என்ற எண் பிறந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணில் அந்த 92 பேரின் பங்கு இருக்கிறது. அவர்கள் விருப்பப்பட்டுக் கொடுத்ததும் இல்லை. குலுக்கலில் ஊர் அந்தப் பக்கம் விழுந்தது, அவ்வளவுதான். அதனால் இது ஒரு கடன். முடிவு தெரிந்த அன்றைக்கே முதல் பஞ்சு, முதல் வினிகர், முதல் நர்ஸ் போகவேண்டிய இடம் அந்த 57 தொகுதிகள்தான். அது எந்தப் பவுண்டேஷனும் சர்க்காரும் செய்யும் தயவு இல்லை. இனி யார் இந்த மாதிரி ஆராய்ச்சிக்குத் திட்டம் எழுதினாலும், ஆள் சேர்ப்பது எப்படி என்ற அத்தியாயத்துக்குப் பக்கத்திலேயே, முடிந்ததும் இவர்களுக்கு என்ன தரப்போகிறோம், எப்போது, யார் செலவில் என்ற அத்தியாயமும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் திட்டத்தைத் திருப்பி அனுப்பவேண்டும்.

கூடவே இன்னொரு சின்னக் கடன். முடிவைச் சொல்வது.

1954-ல் அமெரிக்காவில் சால்க் போலியோ தடுப்பூசியைப் பதினெட்டு லட்சம் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு ‘போலியோ முன்னோடி’ என்று அட்டையும் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜும் கொடுத்தார்கள். தகர பேட்ஜ்தான். வயதான காலத்திலும் அதைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் உண்டு. நம்மிடமும் இதற்குச் சளைக்காத கதை இருக்கிறது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர் பக்கம், காசநோய்க்கு பி.சி.ஜி. ஊசி பலன் தருமா என்று உலகத்திலேயே மிகப்பெரிய ஆராய்ச்சி ஒன்று ஆரம்பமானது. 2.8 லட்சம் பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். யாருக்கு நிஜ ஊசி, யாருக்குச் சும்மா ஊசி என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பதினைந்து வருடம் அந்த ஊர்களைச் சுற்றிச் சுற்றி வந்து சளி பரிசோதனை செய்தார்கள். கடைசியில் தெரிந்தது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை என்பது! குழந்தைகளின் கடுமையான காசநோய்க்கு அது உதவும் என்பதால் இன்றும் போடுகிறோம், அது வேறு. பலனில்லை என்று தெரிந்துகொள்வதும் பெரிய பலன்தான். அதற்குப் பதினைந்து வருடம் கொடுத்த திருவள்ளூர் விவசாயிக்கு யாராவது பேட்ஜ் குத்திவிட்டோமா?

பேட்ஜ் வேண்டாம். பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் நாலு வரி எழுதி வைக்கலாமே. ‘இந்த ஊர்ப் பெண்கள் கொடுத்த ஒத்துழைப்பால் இன்ன விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது’ என்று. கிராம சபையில் ஒரு நர்ஸ் எழுந்து நின்று தமிழில் சொல்லலாமே. அடுத்த ஆராய்ச்சிக்கு ஆள் கேட்டு வாசலுக்குப் போகும்போது, போன தடவை என்ன ஆச்சு என்று சொல்ல முடிகிற நர்ஸுக்குத்தான் திண்ணையில் இடம் கிடைக்கும்.

இதையெல்லாம் ஏதோ ஆராய்ச்சிக்காரர்கள் சமாசாரம் என்று நீங்கள் தள்ளிவிட்டால் ஒரு கடைசி எண் சொல்கிறேன். கட்டுரை வந்த 2007-லேயே பக்கத்துத் தேனியிலும் தஞ்சாவூரிலும் தமிழக அரசு கருப்பைவாய்ச் சோதனையை முன்னோட்டமாக ஆரம்பித்து, பிறகு மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது. நல்ல காரியம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 30 முதல் 49 வயதுப் பெண்களைக் கேட்டார்கள், ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்துகொண்டீர்களா என்று. ஆம் என்றவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 9.8 பேர். இந்தியா முழுவதற்கும் 1.9.

திண்டுக்கல் ஆராய்ச்சியில் நூற்றுக்கு 63.6. இருபது வருடம் கழித்து மாநிலத்தில் நூற்றுக்கு பத்துகூட இல்லை. வயது வரம்பு கொஞ்சம் வேறு, கேள்வி கேட்ட விதம் வேறு என்று எவ்வளவு கழித்தாலும் இந்த இடைவெளி மூடாது. அதே மண், அதே பெண்கள், அதே வினிகர். இல்லாமல் போனது ஒன்றுதான். வாசலில் வந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வராவிட்டால் மறுநாளும் வந்த அந்த நர்ஸ். ஆஸ்பத்திரியில் சோதனை வசதியைத் திறந்து வைத்து ‘வசதி இருக்கிறது, வருவார்கள்’ என்று உட்கார்ந்துவிட்டோம். திண்டுக்கல் ஆராய்ச்சி நிரூபித்தது இரண்டு விஷயம். வினிகர் உயிரைக் காக்கும் என்பது ஒன்று. கூப்பிடுகிறபடி கூப்பிட்டால் நம் பெண்கள் வருவார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாவதை அம்பிளிக்கையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

2025 தமிழக பட்ஜெட்டில் பதினான்கு வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. ஊசி போட நிதி ஒதுக்கினார்கள். சந்தோஷம். அந்த ஊசி உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வரும்போது, வார்டன் கையெழுத்தில்லாமல் உங்கள் கையெழுத்தைக் கேட்டு வருகிறார்களா என்று பாருங்கள். கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல நேரமிருக்கும் நர்ஸை அனுப்பச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் வீட்டில் முப்பது வயது தாண்டிய பெண்கள் இருந்தால், அது நீங்களாகவே இருந்தாலும், அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் இந்தச் சோதனை செய்கிறார்கள். ஒரு காலை நேரம் போதும்.

“எனக்கு ஒண்ணும் இல்லையே” என்பீர்கள். தெரியும். ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தாங்க இந்த டெஸ்ட்டு.